கருப்பு கிரானைட் என்று ஒன்று இல்லை

அவளுக்கு எரிமலை என்று பெயர் வைத்தது கல் கடையில் வேலை பார்த்தவர்கள். கோபத்துக்காக வைத்த பெயர் அல்ல. அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வாடிக்கையாளர் காலில் கற்பாளம் சாய்ந்துவிடும் போல இருந்தால்கூட "கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா" என்றுதான் சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சமையல் மேடைக்குக் கல் பார்க்க வந்த ஒரு அம்மாவிடம், "இது எரிமலை வழியா வெளிய வராம பூமிக்கு உள்ளேயே தங்கிப்போன குழம்புங்க" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்வாங்கி வாசலைத் தாண்டிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

கல்லைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளும் இல்லை அவள். ஆசைப்பட்டது புவியியல். நாடு, கடல், தேசப்படம் என்று படித்தால் என்றைக்காவது அங்கெல்லாம் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு. கல்லூரியில் சேரப் போன அன்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர், "புவியியல் நிரம்பிடுச்சும்மா. நிலவியல் காலியா இருக்கு. ரெண்டும் பூமிதானே, இதுல சேந்துக்கோ" என்றார். கூட வந்திருந்த அப்பாவும் அவள் முகத்தைப் பார்த்து, "பூமிதானேம்மா" என்றார். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து பூமி என்று சொன்ன பிறகு எதிர்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கு அப்போது கிடையாது.

முதல் வருஷம் முழுக்க வேண்டாவெறுப்பாகப் போனது. இரண்டாம் வருஷம் ஆய்வகத்தில், காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து வைத்திருந்த ஒரு கருங்கல் சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். வெறும் கண்ணுக்குக் கரிக்கட்டை மாதிரி இருந்த கல்லுக்குள் மஞ்சளும் நீலமும் ரோஜா நிறமுமாகக் கட்டம் கட்டமாக ஒளிர்ந்தது. பக்கத்தில் இருந்த தோழி "எனக்கும் காட்டு, எனக்கும் காட்டு" என்று இடித்துக்கொண்டே நின்றாள். எரிமலை நகரவில்லை. அவள் கெட்டுப்போனது அங்கேதான் என்று அவள் மாமியார் பிற்பாடு சொல்வதுண்டு.

அந்த மாமியாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்கப் போனபோது, பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டதற்கு, ஜியாலஜி என்று பதில் வந்தது. மாமியார் காதில் அது ஜுவாலஜி என்று விழுந்தது. மருமகள் மிருகங்களைப் பற்றிப் படித்தவள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே எதிர்வீட்டுக்காரர் நொண்டுகிற பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நான் கல்லு படிச்சவங்க" என்றாள் எரிமலை.

"கல்லா?" என்ற எதிர்வீட்டுக்காரர், பூனையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுக்கும் என்னமோ படிப்பு இருக்கு போல" என்று திரும்பிப் போனார். மாமியாருக்கு அன்றிலிருந்து ஒரு மனத்தாங்கல். தான் ஏமாற்றப்பட்டதாகவே நெடுநாள் நினைத்தார். எரிமலையின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க மேலும் கீழுமாகவே போய்வருகிற மனிதருக்கு எதிலும் ஒரு நிதானம் உண்டு. "பூனைக்கு நீ பாத்திருந்தாலும் அது நொண்டிக்கிட்டுதான் இருந்திருக்கும், விடு" என்றார்.

நிலவியல் படித்தவர்களுக்குச் சுரங்கத்தில் வேலை உண்டு. அங்கே போனால், "பெண்கள் தங்க வசதி இல்லை" என்றார்கள். பள்ளிக்கூடங்களில் கேட்டால், நிலவியல் என்று தனிப் பாடமே கிடையாது, புவியியலில் இரண்டே பக்கம்தான் வருகிறது என்றார்கள். அந்த இரண்டு பக்கத்துக்கு ஏற்கெனவே புவியியல் ஆசிரியர் இருந்தார். கடைசியில் பத்திரிகையில் ஒரு விளம்பரம்: கல் கடைக்கு, கல்லைப் பற்றித் தெரிந்த ஆள் தேவை.

கடை ஊருக்கு வெளியே பெரிய சாலை ஓரத்தில் இருந்தது. முன்பக்கம் கண்ணாடி வைத்த அறையில் மாதிரித் துண்டுகள். பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே மரச் சட்டங்களில் சாய்த்து வைத்த பாளங்கள், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே கல்லறுக்கும் எந்திரம், முழங்கால்வரை ஒட்டும் சாம்பல் நிறச் சேறு. முதலாளி கல்லில் நார் உரிக்கிற ஆள் என்று பெயரெடுத்தவர். நேரே ஒரு பாளத்தின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இது என்ன கல்லு?"

அவள் குனிந்து, விரலால் தடவி, கைப்பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தாள். "கேப்ரோ."

"இது பிளாக் கிரானைட்" என்றார் முதலாளி. "பரவால்ல, போகப் போகக் கத்துக்குவ. நாளைக்கு வந்துடு."

முதலாளியிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது. கறை பிடிக்கிற கல், கறை பிடிக்காத கல், கறை பிடித்தாலும் தெரியாத கல். மூன்றாவது வகைதான் உத்தமமானது என்பது அவர் கட்சி. எரிமலை படித்த வகைப்பாட்டில் இரண்டே கேள்விதான். குழம்பு எங்கே, எவ்வளவு மெதுவாக ஆறியது என்பது ஒன்று. அதில் என்ன கலந்திருந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கல்லின் மணி மணியான அமைப்பு பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதன் நிறமே கிட்டத்தட்டச் சொல்லிவிடும். இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு அந்தக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. அவர்கள் கேட்டது வேறு இரண்டு கேள்வி: என்ன விலை, எப்போது வந்து பதிப்பீர்கள்.

ஒரு வருஷம், இரண்டு வருஷம் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பிளாக் கிரானைட் என்றே சொல்லிப் பழகினாள். சொல்லும்போது மட்டும் குரல் இன்னும் கொஞ்சம் தணிந்துவிடும். வாடிக்கையாளர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி இருந்தவள் வாயைத் திறந்தது ஒரு வக்கீலிடம் என்பதுதான் விதி.

வக்கீலும் அவர் மனைவியும் புது வீட்டுக்குக் கல் பார்க்க வந்தார்கள். மனைவிக்குக் கருப்பு பிடித்துவிட்டது. வக்கீலுக்கு எதையும் கேள்வி கேட்காமல் வாங்கிப் பழக்கமில்லை. முதலாளி அந்த நேரம் பின்பக்கம் எந்திரக்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது ஒரிஜினல் கிரானைட்தானே?" என்றார் வக்கீல்.

எரிமலை வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். "இல்லைங்க சார்."

"இல்லையா?"

"கருப்பு கிரானைட்னு ஒண்ணு கிடையாதுங்க. கிரானைட்ல மணல்ல இருக்கற சமாச்சாரம் நிறைய. அதனால வெளுப்பா, சாம்பலா, சிவப்பாத்தான் வரும். இது கேப்ரோ வகை. இதுல இரும்பு ஜாஸ்தி, மணல் சமாச்சாரம் கம்மி. அதான் கருப்பு."

"போலியா அப்ப?"

"ஐயோ, போலி இல்லைங்க. ரெண்டும் நெருப்புக் குழம்புல இருந்து வந்ததுதான். சொல்லப்போனா இது இன்னும் ஆழத்துல உருகின சரக்கு."

வக்கீல் மனைவிக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது. "குழம்பு எப்படிம்மா கல்லாகும்?" என்றார். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர். எரிமலைக்குக் காது மடல் சூடாயிற்று.

"சர்க்கரைப் பாகு காய்ச்சியிருக்கீங்களா? அதை அப்படியே நாள்கணக்கா ஆறவிட்டா கட்டி கட்டியா கற்கண்டு விளையும். அதே பாகைச் சட்டுனு குளிர்ந்த தட்டுல ஊத்துங்க, கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடும், உள்ள ஒரு மணிகூட இருக்காது. பாறையும் அப்படித்தான். பூமிக்கு அடியில லட்சக்கணக்கான வருஷம் மூடி போட்ட மாதிரி ஆறினா பெரிய பெரிய படிகமா வளரும். கிரானைட் அப்படி வந்தது, இந்த கேப்ரோவும் அப்படி வந்தது. அதே குழம்பு எரிமலை வழியா வெளிய கொட்டிருந்தா காத்து பட்டு சீக்கிரம் ஆறிப்போய், மணியே கண்ணுக்குத் தெரியாத பசால்ட் ஆகியிருக்கும். இன்னும் சட்டுனு ஆறினா கருப்புக் கண்ணாடிதான்."

"அப்ப கேப்ரோவும் பசால்ட்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க."

"ஆமாங்க! ஒண்ணு வீட்லயே இருந்துடுச்சு, இன்னொண்ணு வெளிய ஓடிடுச்சு."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. அவர் மனத்தில் 'இல்லைங்க சார்' என்ற வார்த்தைகள் மட்டும் பத்திரமாகப் பதிந்திருந்தன. அதற்குள் முதலாளி ஓட்டமாக ஓடி வந்து, "அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு சார், அப்படித்தான் பேசும், நீங்க கல்லைப் பாருங்க" என்று சமாளித்தார். மனைவியின் பிடிவாதம் வென்றது. பில்லில் பிளாக் கிரானைட் என்று எழுதி, கல் போய் வக்கீல் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வக்கீல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே சமைக்கிறேன் என்று கிளம்பி, இரும்பு வாணலியை மேடையின் முனையில் போட்டுவிட்டார். முனை பெயர்ந்தது. இலவசமாகச் சரிசெய்து தரச் சொன்னார். முதலாளி, வாணலி தங்கள் கடையில் வாங்கியது இல்லையே என்றார். அடுத்த மாதம் நுகர்வோர் புகார் வந்தது: கிரானைட் அல்லாத கல்லைக் கிரானைட் என்று விற்றார்கள், கடையின் ஊழியரே அதை ஒப்புக்கொண்டார்.

முதலாளி அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். உட்காரச் சொன்னதே அதுதான் முதல் தடவை.

"உன்னை அனுப்பிடணும்னுதான் இருந்தேன். நம்ம கடை வக்கீலைக் கேட்டேன். இப்ப அனுப்பினா நாமளே குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். அதனால..." பெருமூச்சு விட்டார். "நீ நல்லா இரு."

அந்த மாதங்களில் அவளுக்கு இருந்த வேலைப் பாதுகாப்பு அரசாங்க உத்தியோகத்தில்கூடக் கிடையாது. தாமதமாக வந்தால் ஏனென்று கேட்பாரில்லை. தும்மினால் முதலாளியே மின்விசிறியைக் குறைத்தார். வீட்டில் மாமியார், "உண்மையைச் சொன்னா சம்பளம் ஏறுதா என்ன?" என்று சந்தேகத்தோடு கேட்டார். எரிமலைக்கோ வேறு கவலை. தான் சொன்னது தவறாக இருந்திருந்தால்கூடத் திருத்திக்கொள்ளலாம். சரியாகச் சொன்னதை என்ன செய்வது?

விசாரணைக்கு முந்தின நாள் முதலாளி கேட்டார், "அங்க என்ன சொல்லப் போற?"

"கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுவேன் சார்."

"சொல்லு. வேணாம்னு சொல்லல. கொஞ்சமா சொல்லு."

விசாரணை நடந்த அறையில் இரும்பு அலமாரிகளும், சுழலவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுழலும் மின்விசிறியும் இருந்தன. விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்களில் எந்தக் கல்லின் மீதும் அக்கறை இல்லை. வக்கீல் தன் வழக்கைத் தானே நடத்தினார்.

"இது கிரானைட்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

எரிமலை வக்கீலைப் பார்த்தாள், கடைசி நாற்காலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தாள். "பாறையைப் படிச்சவங்களுக்கு இது கிரானைட் இல்லைங்க. வியாபாரத்துல கிரானைட்தான். மார்பிள் மாதிரி இல்லாம கெட்டியா, மெருகேறுற மாதிரி இருக்கற கல்லை எல்லாம் கடைக்காரங்க கிரானைட்னுதான் சொல்றாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"நான் ஒரே வார்த்தை கேட்டேன்."

"ஒரே வார்த்தையாலதான் சார் இந்தக் குழப்பமே வந்தது."

அதிகாரி கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்தார். "நீங்க விளக்கமா சொல்லுங்கம்மா."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொன்னாள். பாகு, கற்கண்டு, உள்ளே ஆறினது, வெளியே ஆறினது, வெளுப்பு, கருப்பு, இரண்டுக்கும் நடுவிலே டயோரைட் என்று சாம்பல் நிறத்தில் ஒன்று, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அதிகாரி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்தார். வழக்கில் அவருக்கு ஈடுபாடு வந்துவிட்டதென்று முதலாளி நடுங்கினார். வந்தது வேறு.

"எங்க வீட்ல வெள்ளைக் கிரானைட் போட்டிருக்கோம்" என்றார் அதிகாரி. "பழுப்பா வரி வரியா ஓடும். அது எந்த வகை?"

"எலுமிச்சம்பழம் நறுக்கினா, சாறு பட்ட இடம் மங்கிப் போகுதாங்க சார்?"

"ஆமா. என் மனைவி தினமும் அதைத்தான் சொல்லிப் புலம்புறா."

 எரிமலை இருப்பதிலேயே தணிந்த குரலில் சொன்னாள். "அது மார்பிள் சார். சுண்ணாம்புக் கல் பூமிக்குள்ள சூட்டுலயும் அழுத்தத்துலயும் மாறினது. உருகி வந்த பாறையே இல்ல. இந்தக் குடும்பத்துலயே சேராது."

 அதிகாரியின் முகத்தில், விலை, பதிப்புக்கூலி, வீட்டுக்கு வந்து பாராட்டிவிட்டுப் போன உறவினர்கள் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போயின. "கிரானைட்னு சொல்லித்தான் கொடுத்தாங்க" என்றார்.

"நம்ம கடை இல்லைங்க சார்!" என்று கடைசி நாற்காலியிலிருந்து முதலாளி எழுந்தே விட்டார்.

தீர்ப்பு வந்தபோது அது இரண்டு பாதியாக இருந்தது. முதல் பாதி நிதானமான மனிதர் எழுதியது: வியாபாரப் பேச்சு வழக்கில் அந்தச் சொல் செல்லும், ஏமாற்று இல்லை, உடைந்த முனைக்கு வாணலியே பொறுப்பு, புகார் தள்ளுபடி. இரண்டாவது பாதி எலுமிச்சம்பழத்தால் புண்பட்ட மனிதர் எழுதியது: இனி இந்தக் கடையில் ஒவ்வொரு பாளத்திலும் வியாபாரப் பெயரோடு பாறையின் உண்மைப் பெயரையும் எழுதி ஒட்ட வேண்டும்.

"ஜெயிச்சோமா தோத்தோமா?" என்று முதலாளி வாசலில் நின்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

எரிமலையின் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான வாரம் அதற்குப் பிறகு வந்தது. கையில் ஒரு தண்ணீர்க் குப்பி, கழுத்தில் கயிறு கட்டின உருப்பெருக்கி, காலில் ரப்பர் காலணி. பாளங்களின் மெருகு போடாத பின்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்து, குந்தி உட்கார்ந்து, மணியைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினாள். சின்ன மணிகளுக்கு நடுவே கொட்டைப் பாக்கு அளவில் படிகம் மிதக்கிற பாளம் ஒன்று இருந்தது. அது முதலில் ஆழத்தில் மெதுவாக ஆறி, பிறகு அவசரமாக மேலே தள்ளப்பட்ட குழம்பு. இரண்டு வேகத்தில் ஆறியதால் இரண்டு அளவு மணி. இன்னொரு பாளத்தில் உள்ளங்கை அளவு கருந்திட்டு. முதலாளி அதைக் கறை என்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அது கறையல்ல, குழம்பு மேலே வரும் வழியில் பிய்த்துக்கொண்டு வந்த வேற்றுப் பாறைத் துண்டு, கரையாமல் அப்படியே மாட்டிக்கொண்டது. எரிமலை அதை ஆள் வைத்து முன்பக்கம் திருப்பினாள். அன்று சாப்பிட மறந்துவிட்டாள்.

கடைசியில் கணக்குப் பார்த்தால், அந்தக் கடையில் அசல் கிரானைட் என்று தேறியது ஒன்றே ஒன்று. கழிவறை வாசற்படிக்கும் தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் போகிற, பின்புறம் அடுக்கிக் கிடந்த சாம்பல் நிறச் சொரசொரப்புக் கல்.

"இதா?" என்றார் முதலாளி. "இதுவா கிரானைட்டு?"

"இதுதான் சார்."

முதலாளி அந்தக் கல்லைப் பார்த்த பார்வையில், நாற்பது வருஷம் கழித்துக் காதலியை நேரில் பார்த்தவரின் அதிர்ச்சி இருந்தது.

உண்மைப் பெயர்களைக் கண்டு ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். நடந்தது தலைகீழ். பக்கத்துக் கடைகளில் எல்லாம் கிரானைட் இருந்தது. இந்தக் கடையில் மட்டும்தான் கேப்ரோ இருந்தது. வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரை வாயில் போட்டு உருட்டிப் பார்த்தார்கள். வெளிநாட்டுச் சாக்லேட் மாதிரி இருந்தது. சீக்கிரமே முதலாளியே, "கிரானைட்டா? அது எல்லாரும் போடறதுங்க. வாசற்படிக்குப் போடறது. இது கேப்ரோ, ஒரிஜினல்" என்று பேச ஆரம்பித்தார். விலையும் கேப்ரோவுக்குத் தக்கபடி ஏறியது. கல் மட்டும் அதே கல்.

வக்கீலின் மனைவி குளியலறைக்கும் கேப்ரோ வேண்டுமென்று திரும்பி வந்தார். வக்கீல் காரிலேயே உட்கார்ந்திருந்தார். "நாத்தனார் வீட்ல வெறும் கிரானைட்தான்" என்று எரிமலையின் காதில் சொல்லிவிட்டுச் சிரித்தார் அந்த அம்மா. எரிமலையும் சிரித்தாள். ஆனால் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, தன் வாழ்நாளில் தான் சொன்ன ஒரே உண்மை தள்ளுபடி இல்லாமல் விற்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகுதான் பலகை வந்தது. ஒருநாள் காலையில் கடை வாசலில் ஏணி போட்டு ஆள் ஏறிக்கொண்டிருந்தான். பலகையில் ஒரு மலை. அதன் உச்சியிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு. கீழே 'அசல் எரிமலைக் கல் இங்கே மட்டுமே' என்று கொட்டை எழுத்து.

எரிமலை முதலாளியின் அறைக்குப் போனாள். "சார், நம்மகிட்ட இருக்கற ஒரு கல்லுகூட எரிமலையில இருந்து வந்தது இல்லைங்க. எல்லாமே அடியில ஆறினது. வெளிய வந்திருந்தா மணி தெரியாது. மணி தெரியுறதுனாலதான் இதை..."

"சூடா இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா..."

"அடியில இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்பறம் என்ன? ஏறி வர நேரமில்லாமப் போச்சு, அவ்வளவுதானே. வந்திருந்தா எரிமலைதானே?"

அவளுக்கு வாதாட நிறைய இருந்தது. உள்ளே ஆறினதா வெளியே ஆறினதா என்பதுதான் பாடத்தின் முதல் கேள்வியே என்று சொல்லியிருக்கலாம். அதை அழித்தால் மொத்த வகைப்பாடும் விழுந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இறங்கி வந்து, "உன் பேரைத்தாம்மா போட்டிருக்கேன்" என்றார். உண்மையாகவே அவளைக் கௌரவிப்பதாக நினைத்திருந்தார் மனிதர். அவள் மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தாள். வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்து, "என்னையும் லிஃப்ட் ஓட்டுறவர்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

வியாபாரம் பெருகியதில் பாளம் அனுப்புகிற மொத்த வியாபாரிக்கு ஏக சந்தோஷம். அதிகம் விற்ற கடைக்காரர்களை வெளிநாட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போவதாகச் சொன்னார். போகிற இடத்தில் உயிரோடிருக்கும் எரிமலை ஒன்று இருந்தது. முதலாளிக்கு விமானம் என்றாலே பயம். "நீயே போயிட்டு வா. உன் சொந்தக்காரங்க ஊருதானே" என்றார்.

எரிமலை அந்த மாதம் முழுக்கத் தூக்கத்தில் பேசினாள் என்று மாமியார் சொல்கிறார். போன இடத்தில், விடுதி ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே எரிமலை என்றார்கள். அவள் திறந்தாள். எதிரே மேகம் இருந்தது. மறுநாளும் மேகம். கல் கடைக்காரர்கள் எல்லாரும் மேகத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டி கையை நீட்டி, "அங்க, அந்த வெள்ளைக்குப் பின்னால, இப்பவும் புகையுது" என்றார். புகையும் வெள்ளையாகத்தான் இருக்குமாம்.

கீழே, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமாக, பழைய குழம்பு ஆறிக் கருத்துக் கிடந்தது. எரிமலை அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள். மணியே தெரியாத பசால்ட். இங்கேயும் அங்கேயும் காற்றுக் குமிழி வெடித்த ஓட்டை. அத்தனை வருஷம் புத்தகத்தில் பார்த்தது கையை உறுத்தியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கடைக்காரர் ஒருவர், "என்னம்மா, தொலைச்சிட்டியா எதையாவது?" என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

ஒரு சில்லாவது எடுத்து வரலாம் என்று கை நீளும்போது பலகை கண்ணில் பட்டது. கல்லை எடுத்துப் போவது குற்றம், அபராதம் உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கிளம்பும் அன்று விடுதிக் குளியலறையில், சோப்புக்கும் ஷாம்புக்கும் பக்கத்தில், காகிதம் சுற்றிய சாம்பல் நிறக் கட்டி ஒன்று இருந்தது. குதிகால் தேய்க்க. எடுத்தாள். கனமே இல்லை. காகிதத்தைப் பிரித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். மிதந்தது. எரிமலை சீறும்போது குழம்பு நுரைத்து, நுரையோடு நுரையாக நொடியில் உறைந்த கல்; உள்ளே கல்லைவிடக் காற்று அதிகம். அசல் எரிமலைக் கல். விருந்தினர்களுக்கு இலவசம் என்று போட்டிருந்தது. அவள் அதைப் பட்டுப் புடவை மடிப்புக்குள் வைத்து ஊருக்குக் கொண்டு வந்தாள்.

வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினாள். நுரை, காற்று, நொடியில் உறைந்தது எல்லாம் சொன்னாள். கணவர் அதை விரலால் அமுக்கிவிட்டு, மேலே வருகிறதா என்று பார்த்தார். வந்தது. மறுபடி அமுக்கினார்.

மறுநாள் காலையில் அவள் கடைக்குக் கிளம்பும்போது, மாமியார் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கல்லால் குதிகாலைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நல்ல மனநிலையில் எரிமலை அவரைப் பார்த்ததே இல்லை.

"கல்லு படிச்சதுக்கு இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு கொண்டு வந்திருக்க" என்றார் மாமியார். "அந்தக் காலுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"